மீதி அம்மாவுக்கு

பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்கிற மைக்காரர் வாயைத் திறந்தால் கூட்டமே திரும்பிப் பார்க்கும். வீட்டில் அவர் வாயைத் திறப்பதென்றால், முதலில் ஒரே ஒரு ஆளைத் திரும்ப வைக்க வேண்டும். அதற்கு அவர் எழுந்துபோய் விளக்கு சுவிட்சை இரண்டு தடவை தட்ட வேண்டும். அவர் மனைவிக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் போகிறபோது காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பேச வரும், ஆனால் வெளியாட்கள் முன்னால் பேசமாட்டாள். எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். அதில் மகா கெட்டிக்காரி. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது அவளைப் பற்றிப் புறம் பேசினால்கூட ஒன்று விடாமல் படித்துவிட்டு வந்து சிரிப்பாள்.

அவள் திணறுகிற ஒரே வாய், கட்டிய கணவனின் வாய்தான். பேருந்து புறப்படும் நேரங்களை வருடக்கணக்கில் மைக்கில் சொல்லிச் சொல்லி, வீட்டில் தண்ணீர் கேட்டாலும் அவருக்கு அறிவிப்பாகத்தான் வரும். காது கேட்காதவளிடம் உரக்கச் சொன்னால் புரியும் என்ற நப்பாசை வேறு. வாயை அகலத் திறந்து இழுத்து இழுத்துச் சொல்வார். "கத்தாதீங்க, வாய் கோணுது, ஒரு மண்ணும் புரியல" என்பாள் அவள். அவர் இன்னும் கொஞ்சம் கத்துவார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தவள் பாப்பா. ஒரே பெண். வேலைக்குப் போகிற வயதிலும் பாப்பாதான். கேட்காத காதுக்கு எதற்குக் குரல் என்று சின்னப் பிள்ளையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவிடம் பேசும்போது உதடு மட்டும் அசையும், மூச்சுகூட வெளியே வராது. உதட்டுப் பேச்சு என்று அதற்கு வீட்டில் பெயர். மைக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எதிரே அம்மாவும் பெண்ணும் சத்தமே இல்லாமல் அவர் தலையை உருட்டிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "என்ன, என்ன?" என்று இவர் திருதிருவென விழிப்பார். "ஒண்ணுமில்லப்பா, ஆபீஸ் விஷயம்" என்பாள் பாப்பா. அவளுக்கு அப்போது ஆபீஸே கிடையாது.

பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போனாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. போன் செய்தால் அம்மாவுக்குக் கேட்காது. வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசலாமென்றால் படம் நின்று நின்று வரும், உதடு பாதியில் உறைந்துவிடும். அதனால் வாரம் ஒரு வீடியோ எடுத்து அனுப்புவாள். அதையும் சும்மா அனுப்பமாட்டாள். "வீடியோவா அனுப்பினா அதுவே அமுக்கிச் சின்னதாக்கிடுதுப்பா, அம்மாவுக்கு என் வாய் மங்கிடும். ஃபைலா அனுப்பறேன், அப்படியே இறக்கிக்கோ" என்று சொல்லியிருந்தாள். முதல் பாதி குரலோடு அப்பாவுக்கு. சாப்பாடு, குளிர், மேலதிகாரியின் வழுக்கை, அங்கே பேருந்துகள் மைக் இல்லாமலே நேரத்துக்கு வருகிற அதிசயம். பிறகு, "சரிப்பா, மீதி அம்மாவுக்கு" என்பாள். அதற்குமேல் குரல் இருக்காது, உதடு மட்டும்தான்.

அந்த இடம் வந்ததும் மைக்காரர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். அம்மாவும் பெண்ணும் பேசுகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று அதற்கு ஒரு மரியாதையான பெயர் வைத்திருந்தார். உள்ளதைச் சொன்னால், சத்தமில்லாத நேரம் அவருக்குக் காலி நேரம். மைக்கில் இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலே அவருக்கு வியர்க்கும்.

போன வருடம் மனைவிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு கண் ஏற்கெனவே மங்கல், நல்ல கண்ணில் கட்டு. பாப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள் என்று இருவருமே பேசி முடிவு செய்தார்கள். கட்டு இருந்த நாட்களில் அவளுக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. மைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக எழுதுவார். தண்ணி. மாத்திரை. மழை. அப்போதுதான் அந்த வாரத்து வீடியோ வந்தது. அவர் தன் பங்கை வேலைக்கு நடுவே மைக் அறையிலேயே கேட்டுவிட்டார். "மீதி அம்மாவுக்கு" வந்ததும் நிறுத்தினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியின் கையில், நல்லா இருக்காளாம், என்று எழுதினார். அவள் சிரித்துக்கொண்டு, "கட்டு பிரிச்சதும் பாக்கறேன்" என்றாள்.

கட்டு பிரிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. வேலை முடிந்து சாலையைக் கடந்தவளை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டது. கையிலிருந்த போனும் சுக்குநூறு. அதையும் மைக்காரர் மனைவியின் உள்ளங்கையில்தான் எழுதினார். ஊருக்கெல்லாம் அறிவிக்கிற மனுஷன், ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாக அதை எழுத வேண்டியிருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டு, புடவையில் அழுத்தித் துடைத்து, மறுபடி நீட்டினாள். அவர் மறுபடி எழுதினார். அழக்கூடாது, கண் போய்விடும் என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை.

மாதங்கள் போயின. பாப்பாவின் வீடியோக்களை அவள் திறக்கவே இல்லை. போனில் இடமில்லாமல் போனபோது மைக்காரர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனைக் காலி செய்தார். ஒரு நாள் காலை, அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எதிரே வந்து நின்றாள்.

"பாப்பா பேசினதையெல்லாம் டிவியில போட்டுக் குடுங்க. ஆபரேஷனுக்கப்புறம் போன்ல எனக்குக் கண்ணு தெரியல. பெரிசாப் பாக்கணும்."

"போட்டுடலாம்" என்று அறிவித்தார் மைக்காரர்.

"கடைசியா வந்தது ஒண்ணு இருக்குல்ல, அதை நான் இன்னும் பாக்கல. அதைப் பாக்காதவரைக்கும் அவ எங்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்குன்னு வச்சிட்டிருந்தேன். போதும். பாத்துடறேன்."

அன்று சாயங்காலமே அவர் ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி டிவியில் சொருகினார். பாப்பாவின் குரல் கணீரென்று வந்தது. படம் வரவில்லை. திரை கன்னங்கரேலென்று இருந்தது. குரலைக் கேட்டதும் மைக்காரருக்குக் கண் நிறைந்து வழிந்தது. மனைவி கறுப்புத் திரையைப் பார்த்தாள், அழுகிற கணவனைப் பார்த்தாள். "வருதா? உங்களுக்கு வருதா?" என்று கேட்டாள். அவருக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மனைவியின் தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தக் குடும்பத்துக்கு அவன்தான் கதி. அவனுக்குத் தெரிந்தது அரைகுறை, ஆனால் குரலில் சந்தேகமே இருக்காது. மைக்காரருக்கு அது பிடிக்கும்.

"மாமா, போன்ல எடுக்கிற படத்தைத் துணி மாதிரி ஒரு தினுசா மடிச்சு வச்சிருக்கும். உங்க டிவி பழசு, அதுக்கு இந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியல. கம்ப்யூட்டர்ல போட்டுப் பிரிச்சு, டிவிக்குத் தெரிஞ்ச மடிப்பா மடிச்சுக் குடுக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா மாப்ள?"

"அவ்வளவேதான்."

அந்த அவ்வளவேதான் மைக்காரரின் உயிரை வாங்கியது. கம்ப்யூட்டர் பாப்பா கல்லூரியில் படித்தபோது வாங்கியது. பொத்தானை அழுத்திவிட்டுப் பல் தேய்த்து வந்தால் திறந்திருக்கும். இலவசமாகக் கிடைக்கிற ஒரு எடிட்டிங் மென்பொருளை மச்சினன் ஏற்றிக் கொடுத்தான். யாரோ புண்ணியவான் அதன் பட்டியலையெல்லாம் தமிழில் பெயர்த்து வைத்திருந்தார், பாதி புரிந்தது. பெரிய படத்தை அந்தக் கிழட்டுப் பெட்டியால் ஓட்ட முடியாது என்று, எடிட்டிங்குக்காக ஒவ்வொரு வீடியோவுக்கும் மங்கலான சின்ன நகல், ஒரு மாதிரிப் படம், அதுவே தயாரித்துக்கொள்ளும்படியும் அமைத்துவிட்டுப் போனான். மைக்காரர் மதியப் பணி இல்லாத நாட்களில் உட்கார்ந்தார். மாற்றும் வேலை முக்கால் கிணறு தாண்டியதும் பெட்டி அப்படியே நின்றுவிடும். சில நாள் சூடு தாங்காமல் தானாக அணைந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் குடலுக்கு நேராக வைத்தார். அது சரியானதும் ஹார்டு டிஸ்க் வட்டில் இடமில்லை என்றது. தன் பழைய கோப்புகளையெல்லாம் தூக்கி எறிந்தார். அப்புறம், மாறி வந்த படத்தில் உதடு ஒரு பக்கம் போக குரல் ஒரு பக்கம் போனது. ஆரம்பத்தில் ஒட்டியிருக்கும், போகப் போக விலகி, கடைசியில் பாப்பா வாயை மூடிய பிறகு சிரிப்புச் சத்தம் வரும்.

"போன் ஒரே வேகத்துல எடுக்காது மாமா, இழுத்து இழுத்து எடுக்கும். மாத்தும்போது நொடிக்கு இத்தனை படம்னு நிலையாப் போடுங்க" என்றான் மச்சினன். போட்டார். ஒட்டியது.

சொன்னால் வெட்கம், ஆனால் சொல்ல வேண்டும்: அந்த நாட்களில் மைக்காரர் சந்தோஷமாக இருந்தார். பெண் போன பிறகு முதல் தடவையாக அவருக்கு ஒரு வேலை இருந்தது. "சரிப்பா" என்று அவள் சொல்வதை ஒரே மதியத்தில் எத்தனையோ தடவை கேட்டார். காதில் மாட்டிய ஹெட்போனோடு அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதை மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். "ஆச்சா?" என்று கேட்பாள். "ஆயிட்டே இருக்கு" என்பார்.

குரலுக்கு அடியில் ஒரு இரைச்சல் இருந்தது. பாப்பாவின் அறையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்த விர்ர் சத்தம். படம் பார்க்கப்போகிறவளுக்கு அது கேட்கவே போவதில்லை. இருந்தாலும் மைக்காரருக்கு மனசு கேட்கவில்லை, தொழில் புத்தி. இரைச்சல் நீக்குகிற வசதியைத் தேடிப்பிடித்து, அந்த விர்ர் சத்தத்தைத் துடைத்து எடுத்துவிட்டார். இப்போது பாப்பா பேசினால் பேச்சு, பேசாவிட்டால் பொட்டுச் சத்தம் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே பட்டியலில் இன்னொரு வரி இருந்தது. அமைதியான பகுதிகளை நீக்கு.

வட்டில் இடம் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். மச்சினனிடம் கேட்டார்.

"அது சூப்பர் மாமா. நடுவுல நடுவுல காலியா இருக்கிறதையெல்லாம் அதுவே வெட்டிரும். ஃபைல் பாதியாயிடும்."

இந்த வீட்டு மனுஷனுக்கு அந்த வரியைப் படித்ததும் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. உதட்டுப் பேச்சை அமைதி என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மாவும் பெண்ணும் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, சிரித்து உருளுகிற அந்தக் கூத்துக்கு அமைதி என்று யாருக்குப் பேர் வைக்கத் தோன்றும்? அமைதி என்றால் மைக்காரருக்குத் தெரிந்தது மைக்கில் விழுகிற ஓட்டைதான். அதை அடைக்கத்தான் அவர் சம்பளம் வாங்குகிறார். அழுத்தினார். மச்சினன் சொன்னது சரிதான், எல்லாமே பாதியாகிவிட்டது. ஒரே தடவையில், நிற்காமல், சூடாகாமல், கடைசிவரை மாறி முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டுப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழையவற்றைக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் அழித்தார், குப்பைத்தொட்டியையும் காலி செய்தார், அந்த இடத்தில் எல்லா வாரத்தையும் ஒரே படமாகக் கோத்து ஏற்றினார். வேலையைச் சுத்தமாக முடித்த நிம்மதியில் ஒரு டீ போட்டுக் குடித்தார்.

மறுநாள் மதியம் மனைவி முகம் கழுவிக்கொண்டு வந்து டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். பாப்பா வந்தாள், டிவி நிறைய. மனைவி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பாப்பா குளிரைப் பற்றிச் சொன்னாள், வழுக்கையைப் பற்றிச் சொன்னாள். மனைவி உதட்டைப் படித்துக்கொண்டே சிரித்தாள். "சரிப்பா, மீதி அம்மாவுக்கு" என்றாள் பாப்பா. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படக்கென்று பாப்பாவின் சட்டை நிறம் மாறியது. "அப்பா, எப்படி இருக்க?" அடுத்த வாரத்து வீடியோ.

மனைவி காத்திருந்தாள். அதுவும் "மீதி அம்மாவுக்கு" வரை வந்து, அடுத்ததற்குத் தாவியது. அதுவும் அப்படியே. அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

"எம் பங்கு எங்க?"

மைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். காலி. அதை அவரே காலி செய்தார், அது இரண்டு தடவை உறுதி கேட்க, இரண்டு தடவையும் ஆம் என்று அழுத்தி.

மச்சினன் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தான். அழித்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டு அன்று முழுக்கத் தேடவைத்தான். பெயர்கள் எல்லாம் வந்தன. திறந்தால் ஒன்றும் திறக்கவில்லை. அழித்த இடத்தின் மேலேயே புதிய படங்கள் உட்கார்ந்துவிட்டன என்றான். வழக்கமான தெளிவு அவன் குரலில் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினான். பார்க்காமல் பேசினால் அவளுக்கு ஒன்றும் புரியாது என்பதுகூட மறந்துவிட்டது அவனுக்கு.

கடைசியில் எடிட்டிங்குக்கான மாதிரிப் படங்கள் அவன் நினைவுக்கு வந்தன. மென்பொருள் தன் வசதிக்காகத் தயாரித்து வைத்திருந்த சின்னப் படங்கள். இடம் போதாமல் அதுவே பழையவற்றைத் துடைத்திருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கடைசியாக வந்த வீடியோவின் மாதிரி. அவள் பார்க்காமல் வைத்திருந்த அது. வெட்டுவதற்கு முன்பே எடுத்தது என்பதால் முழுதாக இருந்தது.

"முழுசா இருக்குக்கா! முழுசா இருக்கு!" என்று மச்சினன் அவள் தோளைப் பிடித்து ஆட்டினான்.

பென் டிரைவில் ஏற்றி டிவியில் போட்டார்கள். தீப்பெட்டி அளவுப் படத்தை டிவி அளவுக்கு இழுத்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. பாப்பா இருந்தாள். தலைமுடி, சட்டை, பின்னால் சுவரில் மாட்டிய பை எல்லாம் ஒரு மாதிரி தெரிந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள் நிறம் மாறி மாறி நகர்ந்துகொண்டிருந்தன. மனைவி கிட்டே போனாள், கட்டங்கள் பெரிதாயின. சுவர்வரை தள்ளி வந்து நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். சின்னதாக்கிப் பார்த்தாள், மெதுவாக ஓட்டச் சொன்னாள். கடைசியில் ரிமோட்டை மேசையில் வைத்தாள். மச்சினன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

அவள் மைக்காரரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கு என் கையில எழுதினீங்களே, நல்லா இருக்காளாம்னு. இதைப் பாத்துட்டுதானே எழுதினீங்க? என்ன சொன்னா? உங்களுக்குப் புரிஞ்ச மட்டும் சொல்லுங்க."

தலையை ஆட்டி, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றாமல் இல்லை.

"உன் பங்கை நான் பாக்கல" என்றார்.

"அதை மட்டுமா?"

"எப்பவுமே. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியாதே."

"படிக்கத் தெரியாட்டி என்னங்க? மொகம் தெரியாதா? சிரிக்கிறாளா அழறாளான்னு பெத்தவனுக்குப் பாத்தா தெரியாதா?"

ஆரம்பித்தாயிற்று, மீதியையும் சொல்லிவிடுவது என்று சொன்னார். அந்த வீடியோ வந்த மறுநாள் பாப்பா ஒரு செய்தி போட்டிருந்தாள். அம்மா பாத்தாளா, என்று. கண் அறுவை சிகிச்சை தெரிந்துவிடக் கூடாதே என்று இவர் பதில் போட்டார். பாத்துட்டா, ரொம்ப சந்தோஷம், என்று.

மனைவி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் படித்தோமா என்பதுபோல இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

"அப்ப அவ ஏதாவது கேட்டிருந்தா?" என்றாள். "அம்மா பாத்துட்டு, பதிலே சொல்லாம இருந்துட்டான்னு நெனச்சிருப்பால்ல?"

அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பாப்பா சும்மா கதை பேசினாளா, இல்லை ஏதாவது கேட்டாளா? கேட்டுவிட்டுக் காத்திருந்தாளா? மைக்காரர் பணிக்குப் போகும்போது அவள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். வரும்போதும் அங்கேயே இருப்பாள். அடுப்பில் வைத்தது தீயும். படித்துத் தேர்ந்த கண், விடமாட்டேன் என்றது. பேச்சின் கடைசியில் ஒரு வார்த்தை, பாப்பா நிறுத்தி நிதானமாகச் சொல்கிற மாதிரி ஒரு இடம் இருந்தது. உதடு ஒட்டித் திறக்கிறது, நடுவில் ஏதோ, மறுபடி ஒட்டித் திறக்கிறது. அவ்வளவுதான் கட்டங்களுக்கு மேல் தெரிந்தது.

ஒரு நாள் மைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள் ஓடி வந்தாள்.

"பழகிடுச்சும்மாங்கிறா! அந்த ஊர் பழகிடுச்சாம்! அதான் சொல்றா!"

அன்று அவள் முழுத்தட்டு சாப்பிட்டாள். அவரும் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம் கையசைத்துப் பேசினாள்கூட. இரண்டு நாள் வீட்டில் வெளிச்சம் வந்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாள் அவர் வந்தபோது சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"பிடிக்கலம்மாங்கிறா" என்றாள்.

"பழகிடுச்சுன்னுதானே சொன்னே?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் வாய் அப்படித்தான் போகும்."

அதோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வாரக் கடைசியில் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் தள்ளிவைத்துவிட்டு மைக்காரருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வந்துடட்டுமான்னு கேக்கறா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். குனிந்தால் அவளால் படிக்க முடியாது.

"அப்படியெல்லாம் இருக்காது. நீயா நெனச்சுக்கிறே" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். நான் நெனக்கிறதையெல்லாம் அவ வாயில போடறேன். அது பிசைஞ்ச மாவு மாதிரி இருக்குங்க. நான் எப்படிப் பிடிக்கிறேனோ அப்படி நிக்குது. இன்னிக்கு வந்துடட்டுமாங்கிறா, நாளைக்கு வேற ஒண்ணு கேப்பா. தினமும் பாப்பேன், தினமும் கேப்பா. கடைசியில எம்பொண்ணு என்ன சொன்னாளோ அது போயி, நான் சொன்னதுதான் நிக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அழிச்சிடுங்க."

"அது ஒண்ணுதான் மிச்சம்."

"அது அவ இல்ல. அழிச்சிடுங்க."

"கொஞ்ச நாள் இருக்கட்டுமே. நீ பாக்காம இரேன். நான் வேணா எடுத்து ஒளிச்சு வைக்கிறேன்."

"இருக்குன்னு தெரிஞ்சா தேடுவேன்."

மைக்காரர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். டிவியிலிருந்து உருவி வந்த பென் டிரைவில் இருந்த நகலை முதலில் அழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஒற்றைக் கோப்பின் மேல் அம்புக்குறியை வைத்தார். நிரந்தரமாக நீக்கப்படும், தொடரவா, என்று கேட்டது பெட்டி. பின்னால் நாற்காலியில் அவள் இருந்தாள். அந்தச் சின்ன எழுத்துகள் அவள் கண்ணுக்குத் தெரியாது. இல்லை என்று அழுத்திவிட்டு, ஆயிற்று என்று திரும்பிச் சொல்லலாம். வேறு பெயரில் ஒரு மூலையில் போட்டு வைத்தால் சாகிறவரை அவளுக்குத் தெரியப்போவதில்லை. அவள் இல்லாதபோது தானாவது பார்க்கலாம். நல்லதுக்குத்தானே. கையில் எழுதியதும் நல்லதுக்குத்தான், பாப்பாவுக்குப் பதில் போட்டதும் நல்லதுக்குத்தான்.

எழுந்து போய், தன் உதடு அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கைப் போட்டார், மதியமாக இருந்தும். அவளைக் கூட்டி வந்து தன் பக்கத்தில் நிறுத்தினார். அவள் கையைப் பிடித்து மவுஸ் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். இருவருமாக ஆம் என்று அழுத்தினார்கள்.

"போயிடுச்சா?" என்றாள்.

"போயிடுச்சு."

"நிஜமா?"

அவர் அவளுக்கு நேராகத் திரும்பினார். வாயைக் கோணாமல், இழுக்காமல், சாதாரணமாகச் சொன்னார்.

"நிஜமா போயிடுச்சு. வேற எங்கேயும் இல்ல."

அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாப்பா போனதிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். தெருவில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக அழுதாள். மைக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது, அவர் சாத்தவில்லை.